புரட்டாசியில் பிரித்த வைக்கோல் போர்

லோகநாயகி குரலை எடுத்தால் கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வேங்கைவாசலில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். கேம்ப் ரோடு எங்கே, வேங்கைவாசல் எங்கே! ஆனால் அவள் புருஷன் கோபுவைக் கேட்டுப் பாருங்கள், மிகை என்று சொல்லமாட்டான். அவன் எதையுமே சொல்லமாட்டான். அதுதான் இங்கே விஷயமே.

இரண்டு பேருமாக ஆறு மாடு வைத்திருந்தார்கள். இப்போது ஐந்து. அந்த ஆறாவது எங்கே போயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். காலையும் மாலையும் சேலையூர் வரைக்கும் பால் போகும். சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு போவது கோபு, தெருவுக்குத் தெரு சண்டை போட்டு வாடிக்கை பிடித்து வருவது லோகநாயகி. மாடு மேய்ந்த இடமெல்லாம் கல் நட்டு, பெயர்ப்பலகை மாட்டி, ஏதேதோ நகர் ஆகிவிட்டது. வெயில் காலத்தில் ஏரிக்கரையில் ஓட்டிவிட்டாவது சமாளிக்கலாம். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து தை அறுப்பு வரைக்கும் மாட்டுக்கு வைக்கோலை விட்டால் வேறு கதி கிடையாது. ஆகவே அகரம்தென் பக்கம் சொர்ணவாரிப் பருவ நெல் அறுத்து முடித்த சூட்டோடு வைக்கோலை வாங்கி, மழைக்கு முன்னால் போர் போட்டு மூடிவிட வேண்டும்.

போர் போடுவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. மாட்டுக்கொட்டகைக்கு நேர் எதிரே, ஸ்ரீநிவாசராகவன் என்ற ரிட்டயர்டு பேங்க் ஆபீசரின் காலி மனை. மனுஷன் சேலையூரில் குடியிருந்தார். இவர்களின் பால் வாடிக்கைதான். வேறு யாரும் அவர் மனையில் கல் பிடுங்காமல், குடிசை போடாமல் லோகநாயகி பார்த்துக்கொண்டாள். அதற்கு அவள் வாய் ஒன்றே போதும். பதிலுக்கு அவர் போர் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். வருஷக்கணக்காக இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம்தான் எல்லாம் கெட்டது. வைக்கோல் வந்து இறங்கியபோது கொஞ்சம் பதமாக இருந்தது. "ரெண்டு நாளு காயட்டும், அப்பால அடுக்கலாம்" என்றான் கோபு. சரி என்று ரோட்டில் பரப்பினார்கள். அன்று ராத்திரியே பிடித்தது பாருங்கள் மழை! விடாமல் பெய்து, பரப்பிய வைக்கோல் அத்தனையும் சேற்றோடு சேர்ந்து மாட்டுக்கு ஆகாத குப்பையாகப் போனது. மழைக்காலம் முழுக்கத் தீவனத்துக்கு நாயாய் அலைந்து, கடைசியில் கட்டுப்படி ஆகாமல் மயிலையைத் தரகனிடம் பிடித்துக் கொடுத்தார்கள். லோகநாயகி கையால் கன்றாய் வளர்ந்த மாடு. ஓட்டிக்கொண்டு போகும்போது அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள்: இனிமேல் வைக்கோல் விஷயத்தில் இந்த ஆள் பேச்சைக் கேட்பதில்லை.

இந்த வருஷம் செவலை சினையாக இருந்தது. கார்த்திகையில் ஈன்றுவிடும். தீவனம் போனால் அடுத்துத் தரகன் கண் விழுவது அதன் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும்.

புரட்டாசியில் அகரம்தென் வேதசிரோமணியின் களத்துக்குப் போனார்கள். கலீலின் டெம்போதான். கலீல் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வெங்காய லோடு அடிப்பவன். புரட்டாசியில் மட்டும் இவர்களுக்காக வைக்கோல் ஏற்றுவான், ஏற்றிவிட்டு ஒரு வாரம் முதுகு அரிக்கிறது என்று புலம்புவான். முதல் லோடுகள் எல்லாம் சலசலவென்று நன்றாகக் காய்ந்திருந்தன. கடைசி லோடுதான் வம்பு. அதற்கு முந்தின நாள் விடிகாலையில் ஒரு தூறல் போட்டிருந்தது.

கோபு ஒரு பிடி வைக்கோலை எடுத்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கினான். அது ஒடியவில்லை, வளைந்து கொடுத்தது.

"லோகு, இது ஒடிய மாட்டேங்குது. ஈரம் கீது."

வேதசிரோமணி சட்டென்று குறுக்கே வந்தார். "தோ பாரும்மா, உனக்கு வோணான்னா சொல்லிடு. கேளம்பாக்கத்துக்காரன் லாரியோட வந்து நின்னுகினு கீறான். கெடச்சா அள்ளிகினு போய்கினே இருப்பான்."

"ஏத்துங்க" என்றாள் லோகநாயகி.

"இல்ல லோகு, ரெண்டு நாளு பரப்பிட்டு…"

அவள் திரும்பினாள். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தை நிறுத்தினார்கள்.

"ரெண்டு நாளா? போன வருசமும் இதே வாயிதானே ரெண்டு நாளுன்னு சொல்லிச்சு? மயிலை எங்கயா இப்போ? சொல்லுயா, மயிலை எங்க?"

கோபு முறுக்கிய வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு டெம்போவில் ஏறினான்.

அவளுக்கும் ஈரம் தெரியாமல் இல்லை. மாட்டுக்காரிக்கு வைக்கோல் ஈரம் தெரியாதா? அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. காய்ந்த லோடு அடியில், காய்ந்த லோடு மேலே, ஈர லோடு நடுவில். மேலும் கீழும் உள்ளது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போதாததற்கு, கேளம்பாக்கம் உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கி வைத்திருந்தாள். அடுக்கு அடுக்காக உப்பைத் தூவிக்கொண்டே போனால் ஒன்றும் ஆகாது என்பது அவள் கட்சி. அப்படிச் செய்தவர்கள் ஊரில் உண்டு. அப்படிச் செய்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லையே!

பொழுது சாய்வதற்குள் போர் எழுந்துவிட்டது. அடியில் கருங்கல்லும் பனைமட்டையும், மேலே கோபு சுற்றிச் சுற்றி மிதித்து மிதித்து ஏற்றிய வைக்கோல். உச்சியை மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி கூம்பாக முடித்து, யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ வைத்த பிளக்ஸ் பேனரைப் போட்டு மூடி, நாலு பக்கமும் செங்கல் கட்டித் தொங்கவிட்டார்கள். பேனரில் காது குத்திய இரண்டு பிள்ளைகள் தாம்பரம் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. லோகநாயகி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. "வரட்டும்யா இப்போ மழை" என்றாள் வானத்தைப் பார்த்து.

அடுத்த சில நாளில் மூன்று அசம்பாவிதம். அசம்பாவிதம் என்று அவள் நினைக்கவில்லை, நான் சொல்கிறேன். கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் நீளமான முறுக்குக் கம்பியைக் காணோம். பக்கத்தில் கட்டடம் கட்டுகிற ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று அவள் அவர்களிடம் போய் ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்தாள். பாவம், அவர்களுக்குத் தமிழே தெரியாது. இரண்டாவது, விடியற்காலையில் போரின் உச்சியிலிருந்து புகைபோல ஏதோ எழுந்தது. பனி என்று நினைத்துக்கொண்டாள். புரட்டாசியில் என்ன பனி! மூன்றாவது ஒரு வாசனை. வெல்லப்பாகு அடிபிடித்தால் வருமே, அந்த மாதிரி. எந்த வீட்டிலோ பாகு காய்ச்சுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் என்னவோ உறுத்தத்தான் செய்தது. ஊரையே அதட்டுகிறவள் ஆயிற்றே, அதையும் ஓர் அதட்டு அதட்டி உட்கார வைத்துவிட்டாள்.

கோபு மட்டும் சாணி அள்ளுகிற சாக்கில் போரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இன்னாயா அங்க பராக்கு?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பான்.

சனிக்கிழமை காலையில், பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் ஸ்ரீநிவாசராகவன். அந்த மனுஷன் மனையைப் பார்க்க வருவது வருஷத்துக்கு ஒரு தடவை. வந்தவர் போரைப் பார்த்தார், கோபுவைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"என்னம்மா, சௌக்கியமா? ஒரு விஷயம். இந்த வைக்கோலை எடுத்துடணும்மா. எனக்கு மனை வேணும்."

லோகநாயகி போருக்கு முன்னால் வந்து நின்றாள். "இன்னா சார் சொல்றீங்க? இப்போதான் போட்டு முடிச்சோம். மழை தல மேல நிக்குது. இன்னா சார் அப்டி அவசரம்?"

"அவசரம்தான். வந்து… பூமி பூஜை. பூமி பூஜை போடறோம். வர வெள்ளிக்கிழமை."

"ஒரு வார்த்த முன்னாடி சொல்லக்கூடாதா சார்? மாடு இன்னா திங்கும்? எத்தினி வருசமா உங்க மனைய எவனும் தொடாம பாத்துகினேன்! அதுக்கு இதானா?"

அவர் முகம் வேர்த்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்ததில் நாமத்தின் ஓரம் அழிந்தது. "நாளைக்கே ஆரம்பிச்சுடுங்கோ. ஒரு நாளும் தள்ளப்படாது" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டி கிளம்பாமல் தகராறு செய்ய, அதைத் தள்ளிக்கொண்டே ஓடினார்.

அவர் தெரு முனை திரும்பும் வரை அவள் கத்தினாள். திரும்பிய பிறகும் கத்தினாள். பிறகு போருக்குக் கீழே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. மயிலை போன அன்றுகூட கொட்டகைக்குள் போய்த்தான் அழுதாள். செவலை கழுத்தை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

"அழுவாத லோகு" என்றான் கோபு. "நாளைக்கு கலீல கூப்புட்டுக்கறேன். ரோட்டோரமா எறக்கி வெச்சா அப்பால பாத்துக்கலாம். தார்ப்பாய்க்கும் சொல்லிட்டேன்."

தார்ப்பாய்க்கு எப்போது சொன்னான் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். துக்கத்தில் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. கலீல் ஒரு பக்கமும் கோபு ஒரு பக்கமுமாக உச்சியிலிருந்து பிரித்துத் தள்ள, அவள் கீழே நின்று இழுத்துப் போட்டாள். இழுத்துப் போடும் ஒவ்வொரு கட்டுக்கும் ஸ்ரீநிவாசராகவன் குடும்பத்துக்கு ஒரு வாழ்த்து. மேல் அடுக்கு நன்றாகத்தான் இருந்தது. பாதி இறங்கியபோது கலீல் காலை உதறினான்.

"அக்கா! காலு சுடுது, அக்கா!"

"வெயிலுடா."

"இன்னா வெயிலு? உள்ளேர்ந்து வருது!"

கோபு கவைக்கோலால் ஒரு பெரிய பொதியைப் புரட்டினான். குப்பென்று வெள்ளையாக ஆவி கிளம்பியது. அந்தப் பாகு வாசனை மூக்கில் அடித்தது. உள்ளே வைக்கோல் வைக்கோல் நிறத்திலேயே இல்லை. புகையிலைபோல் கறுத்து, தொட்டால் பொடிந்தது. இன்னும் கொஞ்சம் கிளறியதும், காற்றுப் பட்ட இடத்தில் ஒரு கையகலத்துக்குச் சிவப்பாகக் கனிந்தது.

"தண்ணி! தண்ணி கொண்டா!" அவள்தான் முதலில் ஓடினாள். கழுநீர்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். நல்ல வேளை, தொட்டியை யாரோ காலையிலேயே தளும்ப நிரப்பி வைத்திருந்தார்கள். அணைத்து முடித்தபோது மூன்று பேருக்கும் முகமெல்லாம் கரி. போருக்கு எதிரே கொட்டகை. கூரை ஓலை. உள்ளே செவலை கட்டிக் கிடந்தது. லோகநாயகி அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வைக்கோல் மட்டுமா போயிருக்கும்?

மிச்சத்தையும் பிரித்தார்கள். கறுத்துப்போன நடு லோடு எருக்குழிக்குப் போயிற்று. அதை வாரும்போதுதான் கலீலின் கையில் அது தட்டுப்பட்டது. நீளமான முறுக்குக் கம்பி. பக்கவாட்டிலிருந்து போரின் நட்டநடுவுக்குள் நேராகச் சொருகியிருந்தது.

"அக்கா, இதானே நீங்க தேடிகினு இருந்தது? இத்த எவன் உள்ள வுட்டான்?"

அவள் கம்பியை வாங்கினாள். போரில் கம்பியைச் சொருகி வைத்து, உருவி, கையால் தொட்டுப் பார்ப்பது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கிப் புழுங்கித் தானாகவே தீப்பிடிக்கும்; உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கத்தான். கடைசி நாள் உருவ முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும், அப்படியே விட்டிருப்பான். தலையைத் தூக்கினாள். கோபு அவசரமாகக் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

கலீல் முதுகைச் சொறிந்துகொண்டே, தன் பாட்டுக்குக் கேட்டான்: "ஆமா அக்கா, உங்க ஆளுங்க புரட்டாசில வூட்டுக்குக் கடக்கால் போட மாட்டாங்கல்ல? எங்க தெருவுல மேஸ்திரிங்க எல்லாம் இந்த மாசம் சும்மா குந்திகினு கீறாங்க. அய்யிரு மட்டும் எப்டி பூஜ போடறாரு?"

லோகநாயகி கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவில் பழையபடி சாய்த்து வைத்தாள்.

மறுநாள் காலைப் பாலை அவளே எடுத்துக்கொண்டு சேலையூருக்குப் போனாள். கதவைத் திறந்த ஸ்ரீநிவாசராகவன் அவளைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார்.

"பிரிச்சாச்சு சார். வெள்ளிக்கெழமதானே பூஜ?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளே நெருப்பு இருந்துதாம்மா?"

"இருந்துச்சு."

"அப்பா, பெருமாளே!" என்று அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பூஜையும் இல்லை, ஒண்ணும் இல்லைம்மா. தாராளமா அங்கேயே திரும்ப அடுக்கிக்கோங்கோ. உங்காத்துக்காரர்தான் வந்து நின்னார். போர் உள்ளுக்குள்ளே வேகறது சார், நான் சொன்னா பிரிக்க விடமாட்டா, நீங்க மனை வேணும்னு சொல்லுங்கோன்னார். அவ்வளவுதான் சொல்லச் சொன்னார். நீங்க என்ன அவசரம்னு கேட்டேளா, எனக்கு ஒண்ணும் ஓடலை. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டாரேம்மா உங்க மனுஷர்!"

அவள் பாலை ஊற்றிவிட்டு வந்தாள். கோபம் வரவேண்டிய இடம். வந்தது. வழி நெடுக வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அதை யார் தலையில் போடுவது என்றுதான் தெரியவில்லை. கட்டின பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த மனுஷன் ஊரான் வாயை இரவல் வாங்கியிருக்கிறான். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. காலி கேனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஏரிக்கரையில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

வெயில் நாலு நாள் கூடவே இருந்தது. லேஅவுட் ரோடு நெடுக வைக்கோலைப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காய வைத்தார்கள். ராத்திரிக்குத் தார்ப்பாய். லோகநாயகி அந்த நாலு நாளும் கத்தவில்லை. கோபுவுக்கு அதுதான் பெரிய பயமாகிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பான். அவளும் பார்ப்பாள். இரண்டு பேரும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை திரும்பப் போர் போட்டார்கள், அதே மனையில். கோபு மேலே நின்று மிதித்தான். அவள் கீழிருந்து கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்தாள். தெற்கே வண்டலூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கலீல் வெங்காய லோடுக்குப் போய்விட்டதால் இவர்கள் இரண்டு பேர்தான்.

பாதிப் போர் எழுந்ததும் அவள் கையை நிறுத்தினாள்.

"ஏன்யா, எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

எதை என்று அவன் கேட்கவில்லை. "சொன்னனே."

"இன்னொரு தபா சொல்றது. கம்பி சுடுதுன்னு கூப்ட்டுக் காட்றது. நான் இன்னா, உன்ன முழுங்கிடுவனா?"

கோபு காலடியில் வைக்கோலைச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

"மயிலை எங்கன்னு கேப்ப. நான் இன்னான்னு சொல்றது?"

மயிலையைத் தான் வளர்த்த மாடு என்றே இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். தினமும் இரண்டு வேளை அதன் மடியில் கை வைத்தவன் அவன்தான் என்பது ஏனோ அப்போதுதான் உறைத்தது. தரகன் வந்த அன்று அவன் பால் ஊற்றப் போகிறேன் என்று போய், பொழுது சாய்ந்துதான் திரும்பி வந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று அன்றைக்கும் அவனைத் திட்டியிருக்கிறாள்.

குனிந்து அடுத்த கட்டை எடுத்தாள். தூக்கிக் கொடுக்கப் போனவள், அதிலிருந்து ஒரு பிடியை உருவி அவனிடம் நீட்டினாள்.

"இது காஞ்சிருக்கா பாரு."

கோபு அவளை ஒரு நொடி பார்த்தான். பிறகு முட்டி போட்டுக் குனிந்து வாங்கிக்கொண்டான். முறுக்கினான். படக்கென்று ஒடிந்தது. "ஏத்தலாம்" என்றான். அவள் ஏற்றினாள். அடுத்த கட்டிலிருந்தும் ஒரு பிடி கொடுத்தாள். அதுவும் ஒடிந்தது. அதற்கடுத்தது தார்ப்பாயின் ஓரத்தில் கிடந்த கட்டு. முறுக்கிப் பார்த்தான், கன்னத்தில் வைத்துப் பார்த்தான், தயங்கினான்.

"இது வோணாம், லோகு."

முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. கறுத்துக்கொண்டு வந்த மேகம் ஏரிக்கு மேலே வந்துவிட்டது. நல்ல கனமான கட்டு, செவலை இரண்டு நாள் தின்னும்.

லோகநாயகி அதைத் தனியாகத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள்.